இசைக் கலைச்சொல்லும் பள்ளிப் பயிற்சியும்

ஒரு கலையைக் கற்கப் புகும் மாணவர் முதற்கண் எதிர்ப்படுவன அக்கலைக்குரிய சொற்களேயாம். இலக்கணம் கற்பார்க்கு எழுத்தும் சொல்லும், கணக்குக் கற்பார்க்கு எண்ணும் அளவும் போல, இசை கற்பார்க்குச் சுரம், சுருதி, தாளம், இராகம் முதலிய குறியீடுகள் வாயிலாய் அமைகின்றன. தமிழகத்தில் ஓவியம், தையல் முதலியவற்றோடு இசைக்கும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வு உண்டு. ஈழத்துப் பள்ளிகளிலோ 'கர்நாடக சங்கீதம்' தனிப்பாடமாகவே இடம் பெற்றுள்ளது. இப்பாடத்தைத் தொடங்கும் மாணவர் தம் ஏட்டின் முதற்பக்கங்களில் காண்பது ஒரு சொல்லடைவு. நாதமாவது இது, சுருதியாவது இது, சுரமாவது இது என வரையறைகள் நிரலே நிற்கும். அவற்றின் அருகே, ஒரு கோட்டின் இப்புறம் வடமொழிப் பெயரும் அப்புறம் பழந்தமிழ்ப் பெயருமாக ஓர் அட்டவணையும் பல நூல்களில் காணப்படும்.

அத்தமிழ்ப் பெயர்கள் அவ்வட்டவணையில் இடம் பெற்றது எளிதின் நிகழ்ந்ததன்று. 1892-இல் உ. வே. சாமிநாதையர் அடியார்க்குநல்லார் உரையோடு சிலப்பதிகாரத்தை அச்சேற்றிய பின்னரே குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைப் பெயர்கள் கற்றோர் பலர்க்கும் எட்டின. 1917-இல் தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. 1941-இல் அண்ணாமலைநகரில் கூடிய தமிழிசை மாநாடும், 1943-இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும் தமிழ்ப்பாட்டுக்கு அரங்கில் இடம் கோரின. 1947-இல் விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தால் வெளியிடப்பட்டது. இவ்வுழைப்பெல்லாம் திரண்டு பள்ளி மாணவரின் ஏட்டில் ஒரு கட்டத்துள் வந்து நிற்கின்றது. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் நம் கருத்தன்று. வந்து நிற்கும் வடிவம் மாணவர்க்குப் பயன்படுகின்றதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

நாம் நிறுவ முயல்வது இது: இசைக் கலைச்சொற்களுள் தலையாயவை ஒரு நிலையையும் ஒரு தொழிலையும் குறிப்பன. நிலையாவது, ஒலி வரிசையில் ஓரிசை நிற்கும் இடம். தொழிலாவது, ஒரு பாட்டினுள் அவ்விசை செய்யும் வேலை. ஈடு கூறும் அட்டவணை இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. ஆதலின் மாணவர் பெயரை மனப்பாடம் செய்கின்றனர். பெயரிடப்பட்ட பொருளைப் பெறாது நின்றுவிடுகின்றனர்.

இதனை ஆராயுங்கால் சிலமலை போன்றதோர் ஊரை நெஞ்சில் நிறுத்திக்கொள்ளுதல் நலம். போடிநாயக்கனூரை அடுத்து, ஏலமலைச் சரிவின் அடியில் அமைந்த சிற்றூர் அது. நகரத்து மாணவர் ஒருவர்க்கு ஏட்டில் ஒரு சொல் விளங்காவிடின், பாட்டாசிரியர் இல்லமோ, கச்சேரி மன்றமோ அதனைத் தெளிவிக்கும். அத்தகு வாயில்கள் அருகிய ஊரில் ஏட்டின் சொல்லே முழுச்சுமையையும் தாங்கவேண்டும். எனவே பாடநூற் சொல்லின் வலிமையும் மெலிவும் அங்கேதான் நன்கு புலப்படும்.

1. ஒரு சொல், இரு பொருள்

முதற்கண் 'சுருதி' என்னும் சொல்லைக் காண்போம். பாடகர் பாடத் தொடங்குமுன் தம்பூராவிலோ பெட்டியிலோ நிறுத்திக்கொள்ளும் அடிப்படை ஒலிக்கு அப்பெயர் வழங்குகின்றது. 'சுருதி சேர்த்தல்', 'சுருதி விலகுதல்' என்பன அப்பொருள்பற்றி வந்த வழக்குகள். ஒரு தானத்தை இருபத்திரண்டு நுண்கூறாகப் பகுக்குமிடத்து அக்கூறு ஒவ்வொன்றுக்கும் அதே பெயர்தான். 'இருபத்திரண்டு சுருதி' என்பது அப்பொருளது. முன்னது பாட்டு முழுமைக்கும் நிலைக்களமாகும் ஓர் ஒலி. பின்னது இரண்டு ஒலிகளுக்கு இடைப்பட்ட ஓர் அளவு. முற்பக்கத்தில் முதற்பொருளைப் படித்த மாணவர் மறுபக்கத்தில் 'சுருதிகள் இருபத்திரண்டு' எனக் காணின், தம்பூராக்கள் இருபத்திரண்டு வேண்டும் போலும் என்று மருளுதல் இயல்பே.

தமிழில் இத்தடுமாற்றத்திற்கு இடமில்லை. நுண்கூற்றுக்கு 'அலகு' என்னும் சொல் உண்டு. நிலைக்களமாகிய ஒலிக்கு நாகசுர மேளத்தார் 'ஒத்து' என்னும் சொல்லை ஆண்டு வந்துள்ளனர். ஏழிசையும் எழுப்பாது ஓரிசையை மட்டும் இடையறாது ஊதி நிற்கும் குழல் அது. பிறர் சொல்வதற்கெல்லாம் இசைபவனை 'ஒத்து ஊதுகிறான்' என்று ஊரார் கூறுவதும் இக்கருவி கருதியே. இன்று அதன் இடத்தை மின்சுருதிப்பெட்டி பெரிதும் கவர்ந்துகொண்டதாயினும் வழக்குத் தொடர் அழியவில்லை. ஆகவே அலகு வேறு, ஒத்து வேறு எனப் பிரித்து உணர்த்தத் தமிழ்ச்சொற்கள் உளவாகவும், 'சுருதி என்பது தமிழில் அலகு' என்று மட்டும் எழுதும் அட்டவணை, தமிழ் தரக்கூடிய தெளிவையே மறைத்துவிடுகின்றது.

மறுதலையாக, தமிழாக்கமே புதுத் தடுமாற்றம் விளைத்த இடமும் உண்டு. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் மூன்றற்கும் எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்னும் சொற்கள் ஆளப்படுகின்றன. ஓசையாலும் பொருளாலும் இவை நல்ல சொற்களே. எனினும் 'எடுப்பு' என்பது தாளத்தில் பாட்டுத் தொடங்கும் இடத்திற்குப் பெயராக முன்னரே வழக்கில் உள்ளது. சம எடுப்பு, அதீத எடுப்பு, அனாகத எடுப்பு என்று மாணவர் அதே நூலின் தாளப்பகுதியில் படிக்கின்றனர். 'எடுப்பின் எடுப்பு யாது?' என்று வினவ வேண்டிய நிலை அவர்க்கு நேர்கின்றது. ஆக்கப்பட்ட சொல் தமிழாயிருத்தல் மட்டும் போதாது. அதே கலையில் வேறு வேலையில் அமர்ந்துள்ள சொல்லாக அஃது இல்லாமையும் வேண்டும்.

2. ஏழிசைப் பெயரும் முதற்பாடமும்

இனி, அட்டவணையின் நடுவிடமாகிய ஏழிசைக்கு வருவோம். குரல் சட்சம், துத்தம் ரிடபம், கைக்கிளை காந்தாரம் என்று தொடங்கித் தாரம் நிடாதம் என முடிக்கும் நிரல் யாவரும் அறிந்தது. இதனைப் படித்த மாணவர் அடுத்த பக்கத்தில் பாடத் தொடங்குவது சரளி வரிசை. அது மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்தது. புரந்தரதாசர் வகுத்த முறை என்று போற்றப்படுவது. அவ்விராகத்தின் ரிடபம் சுத்த ரிடபம். அஃதாவது, சட்சத்தை மிக நெருங்கி நிற்பது. சிலப்பதிகார உரைகளால் அறியப்படும் அலகு நிரலிலோ துத்தத்திற்கு நான்கலகு. அத்தகைய துத்தம் குரலினின்று ஒரு முழு இசை விலகி நிற்கும். எனவே மாணவர் வாய் ஓரிசையைப் பாடுகின்றது. ஏடு மற்றோரிசையின் பெயரை அதற்குச் சூட்டுகின்றது.

பழந்தமிழ்ப் பாலைகள் ஏழனுள் ஒன்றும் மாயாமாளவகௌளையாக அமைவதில்லை என்பதனை நோக்கின் இம்முரண்பாடு இன்னும் தெளிவாகும். குறை, நிறை என்றோ, மென்மை, வன்மை என்றோ அடைகொடுத்துத் துத்தத்தை இருவகைப்படுத்தும் அறிஞர்கள் இவ்விடர்ப்பாட்டை நன்கு உணர்ந்தே அவ்வாறு செய்தனர். அட்டவணை அவ்வடைகளை உதிர்த்துவிட்டுப் பெயரை மட்டும் கொண்டது. ஆராய்ச்சியாளர் இட்ட வரம்பு பள்ளியை அடையுமுன் வழியில் வீழ்ந்துவிட்டது என்றே கூறவேண்டும்.

3. குரல் சட்சமா, மத்திமமா?

ஆராய்ச்சி உலகிலும் ஒரு பெருவழக்கு நெடுநாள் நிகழ்ந்து வந்துள்ளது. குரலாவது சட்சமே என்பார் ஒரு சாரார். மத்திமமே என்பார் மற்றொரு சாரார். முதுகலை மாணவர் இதனை இரு கட்சியாருடைய பிணக்கு எனக் கொண்டு ஒரு கட்சியைச் சார்ந்து எழுதிவிடுதல் உண்டு. அலகுகளை நிரல்பட வைத்துக் கூட்டிப் பார்த்தால் உண்மை வேறாகத் தோன்றுகின்றது.

தமிழ் நிரலில் குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2; ஆக 22. பரத முனிவர் வழிவரும் சட்ச கிராமத்தில் ச 4, ரி 3, க 2, ம 4, ப 4, த 3, நி 2, இதுவும் 22. குரலைச் சட்சத்தின் நேரே வைத்தால் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது இசைகளின் அலகுகள் முரணுகின்றன. குரலை மத்திமத்தின் நேரே வைத்தால் ம 4, ப 4, த 3, நி 2, ச 4, ரி 3, க 2 என ஏழும் பிழையின்றிப் பொருந்துகின்றன. இளி சட்சத்தின் நேரே வந்து நிற்கின்றது. குரல் மத்திமம் என்பாரின் வலிமை இங்குள்ளது.

இனி, ஒவ்வோர் இசையின் அலகும் அதற்கு முன்னின்ற இசையிலிருந்து எண்ணப்படுவது என்னும் கொள்கையை மேற்கொண்டு, குரலைத் தொடக்கமாக நிறுத்துவோம். துத்தம் 4-லும், கைக்கிளை 7-லும், உழை 9-லும், இளி 13-லும், விளரி 16-லும், தாரம் 18-லும், மேற்குரல் 22-லும் நிற்கும். குரலைச் சட்சமாகப் பாடுவார்க்கு இஃது அரிகாம்போதியாக ஒலிக்கும். குரல் குரலாய செம்பாலை அரிகாம்போதியே என்று அறிஞர் பலர் கொண்ட முடிபு இதனோடு இயைகின்றது. குரல் சட்சம் என்பாரின் வலிமை இங்குள்ளது.

இரு சாரார் கூற்றும் மெய்யாதல் எங்ஙனம்? 'சட்சம்' என்னும் சொல்லை இருவரும் ஒரே பொருளில் ஆளவில்லை. ஒருவர்க்கு அஃது இருபத்திரண்டு அலகுடைய வரிசையில் ஓரிடத்தின் பெயர்; மற்றவர்க்கு அது பாட்டின் தொடக்கமாகவும் நிலைக்களமாகவும் நின்று தொழில் செய்யும் இசையின் பெயர். குரல் இடத்தால் மத்திமத்தோடு ஒக்கும். தொழிலால் சட்சத்தோடு ஒக்கும். இவ்வாறு பிரித்துணரின் பிணக்கின் பெரும்பகுதி நீங்கிவிடும்.

பழந்தமிழ் நூலோர் இவ்வேறுபாட்டை அறியாதவர் அல்லர். 'குரல்' என்னும் சொல்லையே அவர்கள் இருபொருளில் ஆண்டனர்; ஆயின் இருபொருளும் ஒரே தொடரில் தெரியுமாறு ஆண்டனர். உழை குரலாக அரும்பாலை, இளி குரலாகக் கோடிப்பாலை, தாரம் குரலாக மேற்செம்பாலை என்பன அவர்தம் மொழி. 'உழை குரலாக' என்னுமிடத்து உழை என்பது இடத்தின் பெயர். குரல் என்பது தொழிலின் பெயர். உழையிலிருந்து எண்ணத் தொடங்கினால் இளி 4, விளரி 7, தாரம் 9, குரல் 13, துத்தம் 17, கைக்கிளை 20 என வந்து சங்கராபரணம் பிறக்கும். இளியிலிருந்து எண்ணினால் 3, 5, 9, 13, 16, 18 என வந்து கரகரப்பிரியாவை அணுகும். சட்ச கிராமத்தைச் சட்சத்திலிருந்து எண்ணினும் இதே எண்களே வரும். மாணவர் ஒருவர் ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு கூட்டிப் பார்த்துத் தாமே கண்டுகொள்ளத்தக்க செய்தி இது. இதனை விடுத்துக் 'குரல் என்பது ச' என்று ஒரு வரி எழுதிப் படிக்கச் செய்தல், அவர் கையிலுள்ள திறவுகோலை வாங்கி வைத்துக்கொள்வதற்கு ஒப்பாகும்.

இத்தடுமாற்றம் தமிழகத்திற்கே உரியதென்று கருதவேண்டா. 11-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய நாட்டு அரேசோ நகரத்துக் குயிதோ பாடகர்க்கு எளிமை கருதி ஊட், ரே, மி எனத் தொடங்கும் அசைப்பெயர்களை வழங்கினார். 'ஊட்' பின்னர் 'டோ' ஆயிற்று. பிரான்சிலும் இத்தாலியிலும் இன்று 'டோ' என்பது நிலைத்த ஓரிடத்தின் பெயர். இங்கிலாந்தில் ஜான் கர்வன் பரப்பிய முறையிலும், அங்கேரியில் கோடாய் வழிவந்த பள்ளி முறையிலும் 'டோ' இடம் மாறும்; எவ்விசை நிலைக்களமோ அதுவே 'டோ'. ஒரே அசையை ஒரு நாடு இடத்திற்கும் மற்றொரு நாடு தொழிலுக்கும் வழங்குகின்றன. அங்குள்ள ஆசிரியர்கள் எம்முறையைப் பின்பற்றுகின்றோம் என்பதை முதலிலேயே வெளிப்படக் கூறிவிடுகின்றனர். நம் அட்டவணைகளில் அவ்வறிவிப்பு இல்லை.

4. மாதரி நடத்திய பாடம்

சிலப்பதிகாரம் இசைச்சொற்களை எவ்வாறு அறிமுகம் செய்கின்றது என்பது பள்ளியாசிரியர் கருதத்தக்கது. அரங்கேற்று காதையில் இசைச்சொற்கள் தனி வரையறைகளாக வருவதில்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகிய ஒவ்வொருவனும் அறிந்திருக்க வேண்டியவை இவை என, கலைஞனின் திறத்தோடு சேர்ந்தே வருகின்றன. சொல்லின் பொருள் அதனைக் கையாள்வான் கையில் இருக்கின்றது.

அதனினும் சிறந்த இடம் ஆய்ச்சியர் குரவை. அங்கு அரசவை இல்லை. மதுரையின் புறத்தே ஆயர் வாழும் சேரி. கற்பிப்பவள் மாதரி. அவள் ஆயர்மகளிர் எழுவரைத் தேர்ந்து, குரல் முதல் தாரம் ஈறாகப் பெயரிட்டு வட்டமாக நிறுத்துகின்றாள். குரலாக நின்றவள் மாயவன், இளியாக நின்றவள் பலதேவன், துத்தமாக நின்றவள் பின்னை என உறவும் கூறுகின்றாள். ஏழிசையும் ஏழு பெண்களாய் ஒருவரையொருவர் நோக்கிக் கைகோத்து நிற்கின்றன.

வரிசையாக நிறுத்தாது வட்டமாக நிறுத்தியதன் பயன் யாது? வரிசைக்குத் தொடக்கம் ஒன்றே. வட்டத்தில் யார் முன்னின்றும் எண்ணத் தொடங்கலாம். உழையாக நின்றவள் உழையாகவே நிற்பாள். ஆயினும் அவளிடமிருந்து எண்ணத் தொடங்கின் அவளே குரலின் தொழிலை மேற்கொள்வாள். இடம் மாறாமையும் தொழில் மாறுதலும் கண்ணுக்கே புலனாகின்றன. நூலாசிரியர் பாலைத் திரிபினைக் கற்பிக்கவே இவ்வட்டத்தை அமைத்தார் என நாம் கூறவில்லை. குரவைக் கூத்து வட்டமாய் ஆடப்படுவதே. கூத்தின் இயல்பான வடிவம் கலைச்சொல்லின் இயல்போடு பொருந்தியிருத்தலைச் சுட்டுகின்றோம்.

மேலும், இசைகளுக்கிடையேயுள்ள இயைபினைப் பழையோர் இணை, கிளை, பகை, நட்பு என்னும் நான்கு சொற்களால் குறித்தனர். நான்கும் மக்கள் உறவைச் சுட்டும் அன்றாடச் சொற்கள். எந்தச் சிறுவர்க்கும் இவற்றின் பொருளை விளக்கவேண்டியதில்லை. எவ்விசை எவ்விசைக்குக் கிளை, எது பகை என்று கேட்பித்தல் ஒன்றே வேண்டுவது. தொல்காப்பியர் இசைநூலை 'நரம்பின் மறை' எனச் சுட்டியதும் இவ்வழிப்பட்டது. யாழில் கட்டிய நரம்பும், அதனிற் பிறக்கும் இசையும் ஒரு சொல்லாலேயே வழங்கின. கையால் தொடத்தக்கதன் பெயர் செவியால் உணரத்தக்கதற்கும் ஆயிற்று.

5. சிலமலையில் வழங்கும் சொற்கள்

இனிச் சிலமலைக்கு வருவோம். போடிப் பகுதியினின்று நாள்தோறும் விடியுமுன் ஏலத்தோட்டத் தொழிலாளர் வண்டியேறிப் போடிமெட்டு வழியே மலைக்குச் செல்வர். ஏலக்காய் ஒரே செடியிலும் ஒருசேர முதிர்வதில்லை; சில நாள் இடையிட்டுப் பன்முறை பறிக்கவேண்டும். எது பறிக்கும் பருவத்தது, எது இன்னும் நிற்கவேண்டியது என்பதைக் கண்ணும் விரலும் முதலில் அறிகின்றன. அப்பருவங்களுக்குரிய பெயரைப் பின்னர்ச் சொல்லினும் தொழில் கெடாது. வேற்றுமை முதலில் உணரப்பட்டுப் பெயர் பின்னர் வருதல் தொழிற்கல்வி அனைத்திற்கும் பொது. இசையும் அத்தகையதே.

அவ்வூர் மாணவர் இசைச்சொல் அறியாதவராய்ப் பள்ளிக்கு வருகின்றார் எனக் கருதுதல் பிழை. தாலாட்டும் கும்மியும் தெம்மாங்கும் ஒப்பாரியும் வழங்கும் நாட்டில் மெட்டு, சந்தம், தாளம், சுதி என்பன யாவர் வாயினும் உள்ளன. நாடக மேடைகளும் பாட்டுக் குழுக்களும் ஆர்மோனியத்தின் வழியாகக் 'கட்டை' என்னும் சொல்லையும் பரப்பின. வெள்ளைக் கட்டைகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை எண். இடைப்பட்ட கறுப்புக் கட்டைக்கு அதனோடு ஓர் அரை. ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை உண்டு. மூன்றரைக் கட்டை இல்லை. ஏன் இல்லை என்று ஒரு மாணவர் வினவின், மூன்றாம் கட்டைக்கும் நான்காம் கட்டைக்கும் இடையே வேறோர் இசைக்கு இடமில்லை என்னும் விடையில் முழு இசை, அரை இசை என்னும் பாகுபாடு முழுவதும் அடங்கிவிடும்.

இவ்வழக்கில் நாம் மிகுதியும் கருதவேண்டியது ஒன்றுண்டு. 'ஐந்து கட்டையில் சுதி வை' என்று பாடகர் கூறுவர். அத்தொடரில் கட்டை என்பது இடம். சுதி என்பது தொழில். ஒரு பாடகர்க்கு ஐந்து கட்டையில் நின்ற சுதி மற்றொருவர்க்கு ஒரு கட்டையில் நிற்கும். கட்டை பெயராது, சுதி பெயரும். 'உழை குரலாக' என்னும் பழந்தொடரின் அமைப்பும் 'ஐந்து கட்டையில் சுதி' என்னும் மேடைத் தொடரின் அமைப்பும் ஒன்றே. ஆர்மோனியம் ஐரோப்பாவிலிருந்து வந்த கருவி. 'சுதி' வடசொல்லின் திரிபு. எனினும் இடமும் தொழிலும் வேறென உணரும் உணர்வு பழந்தமிழ் நூலிலும் அண்மைக்கால மேடையிலும் பிழையாது நிற்கின்றது. ஈடு கூறும் அட்டவணையில் மட்டுமே அது காணப்படவில்லை.

இப்பகுதி இசைவரலாற்றில் புறக்கணிக்கத்தக்கதன்று. கருணாமிர்த சாகரம் இயற்றிய ஆபிரகாம் பண்டிதர் இம்மலைத்தொடரைச் சார்ந்த சுருளிமலையில் கருணானந்தர் என்னும் பெரியாரை அடைந்து மருத்துவ நுட்பங்களைப் பெற்றார் என்பது அவர் வரலாறு. தானத்தை இருபத்துநான்காகப் பகுக்கவேண்டும் என்று வாதித்து, இருபத்திரண்டு என்னும் கொள்கையை அவர் எதிர்த்தார். அவர் முடிபை ஏற்பினும் மறுப்பினும், பெயரை விடுத்து அளவை எண்ணிப் பார்த்த அவர் நெறி பின்பற்றத்தக்கது. அதே மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்த இளையராசா, தம் தமையன் பாவலர் வரதராசன் குழுவில் ஆர்மோனியத்தோடு ஊர்தோறும் சென்றவர். தியாகராசருக்கும் செருமனி நாட்டுப் பாக்கு என்பாருக்கும் உரிமையாக்கி 1986-இல் அவர் வெளியிட்ட இசைத்தொகுப்புக்கு 'ஹௌ டு நேம் இட்' என்று பெயரிட்டார். 'இதற்கு எங்ஙனம் பெயரிடுவது' என்பது அதன் பொருள். கண்ணகி கோயில் எனப் போற்றப்படும் மங்கலதேவி கோயிலும் கூடலூருக்கு மேலுள்ள மலைமுடியில்தான் உள்ளது. சிலப்பதிகாரத்து இசைச்சொற்கள் இம்மாணவர்க்குச் சேய்மைப் பொருள்கள் அல்ல.

6. தடையும் விடையும்

'தேர்வு எழுதவேண்டிய மாணவர்க்கு வரையறை வேண்டாவா?' என்று ஆசிரியர் வினவலாம். வேண்டும், வரையறையை நாம் விலக்கவில்லை. அது நிற்கவேண்டிய இடம் பாடத்தின் முடிவு என்கின்றோம். ஒத்தின் ஒலியை நிறுத்தி, அதனோடு சேர்ந்தும் விலகியும் பாடச் செய்து, 'இதனை உங்கள் ஊரில் என்னென்பர்?' என வினவி, 'சுதி' என்னும் விடையைப் பெற்று, பின்னர்ச் 'சுருதி' என்னும் ஏட்டுச்சொல்லையும், நுண்கூற்றைக் குறிக்குமிடத்து 'அலகு' என்னும் சொல்லையும் எழுதச் செய்தால், மாணவர் எழுதும் வரையறை தாம் அறிந்ததன் பதிவாக அமையும். எழுவரை வட்டமாக நிறுத்திப் பாலை மாற்றிக் காட்டுவதற்குச் செலவும் இல்லை, தனிக்கருவியும் வேண்டா.

'வடசொற்களை அறவே நீக்கித் தமிழ்ச்சொற்களை மட்டும் கற்பித்தால் இத்தொல்லை இராதன்றோ?' என்பது மற்றொரு தடை. சிலமலை மாணவர் நாளை தேர்வு மன்றத்திற்கும் கச்சேரி மேடைக்கும் செல்லவேண்டியவர். அங்கு வழங்கும் சொல் அறியாதவராக அவரை அனுப்புதல் நன்றி அன்று. குரலும் இருபொருள் பயக்கும் சொல் என்பதை மேலே கண்டோம். ஆதலின் மொழியை மாற்றிய அளவில் மயக்கம் நீங்கிவிடாது. பொருளைப் பிரித்து உணர்த்தினால் இரு மொழிச் சொற்களும் தத்தம் வேலையைச் செய்யும்.

7. தமிழ்த்துறையின் கடன்

இதுகாறும் கூறியவற்றுள் பெரும்பகுதி இசையாசிரியர்க்கு உரியது போலத் தோன்றினும், குறையின் வேர் நம் துறையிலேயே உள்ளது. உரைகளிலிருந்து சொற்களைத் தொகுத்து ஈடு கண்டு அட்டவணையாக்கிப் பள்ளிக்கு அளித்தவர்கள் தமிழாய்ந்தோரே. சொல் ஒன்று உரையில் எத்தனை இடத்தில் வருகின்றது என்று எண்ணிய அளவுக்கு, அவ்விடங்களில் அது நிலையைச் சுட்டுகின்றதா, தொழிலைச் சுட்டுகின்றதா என நாம் பகுத்ததில்லை. குரல், தாரம், இளி முதலிய சொற்களின் ஆட்சியை அடியார்க்குநல்லார் உரையிலும் அரும்பதவுரையிலும் இவ்விரு தலைப்பின்கீழ்த் தொகுத்தல் முதுகலை மாணவர் ஓராண்டில் முடிக்கத்தக்க பணி. அதனோடு நாகசுரத்தார், தவிற்காரர், நாடகப் பின்பாட்டுக்காரர், கும்மிப்பாட்டு மகளிர் ஆகியோர் வாயில் வழங்கும் சொற்களை ஊர்தோறும் சென்று தொகுத்தலும் வேண்டும். ஒத்து ஊதும் குழல் அரிதாகிவருதல் போல, அவர்களுடைய சொற்களும் அரிதாகிவருகின்றன.

இவ்விரு தொகுப்பும் முடிந்து, ஒவ்வொரு சொல்லின் எதிரேயும் அதன் இடமும் தொழிலும் தனித்தனியே குறிக்கப்பெறுமாயின், பள்ளி ஏட்டின் அட்டவணையை அன்று திருத்தி எழுதலாம். அதுவரையில் 'குரல் என்பது ச' என்னும் வரியைக் கற்பிக்கும் ஆசிரியர், 'எங்கிருந்து எண்ணும்போது?' என்னும் வினா ஒன்றனை அதன் பக்கத்தில் எழுதி வைப்பாராக. சிலமலை மாணவர் அவ்வினாவுக்கு விடை தேடப் புகுவராயின், கலைச்சொல் அவர்க்குக் கலையின் வாயிலாகவே அமையும்.